படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புக் கதவு

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சொந்தமாகவும் வாடகைக்கும் இருக்கிறவர்களுக்கும், அங்கே சங்கப் பொறுப்பைச் சுமக்கிறவர்களுக்கும்,



உங்கள் கட்டடத்தில் படிக்கட்டுக்கு அடியிலோ மோட்டார் ரூமுக்குப் பக்கத்திலோ ஓர் இரும்புக் கதவு இருக்கும். இரண்டரை அடி உயரம், மூன்றடி அகலம். சுவருக்கு அடித்த பெயின்டையே அதன்மேலும் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிந்து போகிற தண்ணீர்க் குழாயும் வால்வும் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. அதைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? சாவி யாரிடம் இருக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் உடனே பதில் வந்துவிட்டால், இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்காமலே மடித்து வைத்துவிடலாம்.

எங்கள் கட்டடத்தில் அந்தக் கதவு பதினாறு மாதம் மூடியே கிடந்தது. அத்தனை மாதமும் அதன் அடியில் தரை ஈரமாக இருந்தது. நான் தினமும் காலையில் அந்த ஈரத்தைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன். சங்கச் செயலாளரும் நான்தான். அதனால் இதில் நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. மேல்மாடிக்காரர்கள் "எங்க வீட்டுக்குத் தண்ணி நல்லாத்தானே வருது" என்றார்கள். அது உண்மை. கீழ்வீட்டில் இருப்பவர்கள் கார் கழுவுகிற தண்ணீர் என்று நினைத்தார்கள். கூட்டத்தில் ஒருமுறை பேச்சு வந்தது. யார் வீட்டுக் குழாய் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிந்தது. யார் வீட்டுக் குழாய் என்று தெரிந்துகொள்ள ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

ஐப்பசி மழையில் சுவர் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. அந்தச் சுவரின் மறுபக்கத்தில் கரன்ட் மீட்டர் போர்டு. ஒருநாள் சாயங்காலம் பொது விளக்கு லைன் திரும்பத் திரும்ப ட்ரிப் ஆனது. வந்த எலக்ட்ரீசியன் தம்பி டெஸ்டரைக்கூட எடுக்காமல் சுவரைப் பார்த்தார். "அக்கா, மொதல்ல தண்ணிய நிறுத்துங்க. அப்புறந்தான் நான் இதுல கை வெப்பேன்" என்றார்.

பூட்டை உடைத்துக் கதவைத் திறந்தோம். உள்ளே பதினான்கு வால்வுகள். பன்னிரண்டு வீட்டுச் சமையலறைக்குப் போகும் நல்ல தண்ணீர் லைன்கள், மாநகராட்சித் தண்ணீர் சம்ப்புக்கு வரும் லைன் ஒன்று, போர்வெல்லின் சப்பைத் தண்ணியை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும் லைன் ஒன்று. எதற்கும் பெயர் இல்லை, எண் இல்லை. ஒவ்வொன்றாக மூடிவிட்டு "தண்ணி நின்னுச்சா?" என்று மாடிப்படியில் நின்று கத்தினோம். இரண்டு வால்வு அசையவே இல்லை. இன்னொன்று சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே தண்டு அறுந்திருக்கிறது. முக்கால் மணி நேரம் போராடிவிட்டு நல்ல தண்ணீர் பிரஷர் பம்ப்பையே நிறுத்தினோம். அதன் பிறகும் மேல்மாடிக் குழாய்களில் நின்ற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வடிந்துகொண்டேதான் இருந்தது. இராத்திரிச் சமையலுக்குப் பன்னிரண்டு வீட்டிலும் கேன் தண்ணீர்.

மறுநாள் ப்ளம்பர் அண்ணன் வந்து செய்ததை விவரமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் நாளைக்கு உங்கள் கட்டடத்தில் இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கப்போவது நீங்கள்தான்.

ரெஞ்சை எடுப்பதற்கு முன் பழைய துணியும் டிஷ்யூ பேப்பரும் கேட்டார். பம்ப்பை ஓடவிட்டார். எல்லாக் குழாயையும் மேலிருந்து கீழ்வரை ஒட்டத் துடைத்தார். பிறகு ஒவ்வொரு ஜாயின்ட்டைச் சுற்றியும் ஒரு டிஷ்யூவைச் சுற்றிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். சொட்டு விழுந்துகொண்டிருந்தது கீழே இருந்த ஓர் எல்போவிலிருந்து. நாங்கள் எல்லோரும் அந்த எல்போவைத்தான் காட்டினோம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அந்த எல்போவின் டிஷ்யூ கீழ்ப்பக்கம் மட்டும் நனைந்திருக்கிறது. இரண்டடி மேலே, ஐந்தாவது லைனில், சுவருக்குள் நுழைகிற இடத்தில் சுற்றியிருந்த டிஷ்யூ ஊறி உதிர்ந்தே போயிருந்தது. "தண்ணி பைப்பு மேலயே நடந்து வந்து, எறங்கறதுக்குத் தோதான எடத்துல சொட்டுமுங்க. சொட்டற எடத்தப் பாத்து வெட்டுனா வேல வீணு" என்றார்.

அந்த ஐந்தாவது ஜாயின்ட் எம்-சீல் பூசிப் பூசிப் பலாக்கொட்டை அளவுக்குத் தடித்துக் கிடந்தது. மூன்று வெவ்வேறு சாம்பல் நிறத்தில் மூன்று அடுக்கு. எப்போதோ யாரோ கதவைத் திறந்து, மேலே பூசிவிட்டு, மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அண்ணன் அதை உளியால் தட்டி எடுத்தபோது நோய் என்னவென்று தெரிந்தது. கீழே பழைய ஜி.ஐ. நிப்பிள். மேலே பிற்பாடு மாற்றிய சி.பி.வி.சி. குழாய். இரண்டையும் சேர்க்கிற திருகு ஜாயின்ட் முழுக்கப் பிளாஸ்டிக். இரும்பு மரையை அதற்குள் விட்டு, டேப்பைத் தடிமனாகச் சுற்றி, பைப் ரெஞ்சால் பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகாது, பிளாஸ்டிக்தான் மரை ஓடுகிற வழியில் மயிரிழையாகக் கீறிவிடும். அன்றைக்கே ஒழுகாது. பம்ப் ஒவ்வொரு முறை ஓடி நிற்கும்போதும் குழாய் ஒரு குலுக்குக் குலுங்கும். அந்தக் குழாயைச் சுவரோடு பிடித்து நிறுத்தக் கிளாம்ப்பும் இல்லை. ஆயிரக்கணக்கான குலுக்கலில் கீறல் வாய் திறந்துவிட்டது. நிப்பிளும் துருவேறித் தகடு போல மெலிந்திருந்தது. ஜி.ஐ. குழாய் பெரும்பாலும் மரை போட்ட இடத்தில்தான் முதலில் போகும். அங்கே துத்தநாகப் பூச்சை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், கனமும் குறைந்துவிடுகிறது.

அவர் பூசவில்லை, வெட்டினார். நல்ல பாகம் கிடைக்கிற வரைக்கும் இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தார். புது நிப்பிள். பித்தளை மரை வைத்த அடாப்டர். டெஃப்லான் டேப்பை மரை ஓடுகிற திசையிலேயே, விரலால் இழுத்துப் பிடித்துச் சுற்றினார். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். கையால் முடிந்த வரை திருகிவிட்டு ரெஞ்சில் ஒன்றரைச் சுற்று, அதோடு நிறுத்திவிட்டார். சி.பி.வி.சி. துண்டின் முனையில் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, சால்வென்ட் தடவி, உள்ளே செருகிக் கால் சுற்றுத் திருப்பி, முப்பது எண்ணுகிற வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு குழாய்க்கு இரண்டு கிளாம்ப் அடித்தார்.

அப்போது மணி பதினொன்று. பம்ப்பைப் போடலாமா என்று மேலிருந்து இரண்டு வீட்டில் கேட்டுவிட்டார்கள். "சித்தெ பொறுங்க அக்கா. இப்பப் போட்டா நாளைக்கு மறுபடியும் நாந்தான் வரோணும்" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரே வந்து பம்ப்பைப் போட்டு, புது ஜாயின்ட்டில் மறுபடி டிஷ்யூ சுற்றி, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டுத்தான் கூலி வாங்கினார். சால்வென்ட் காய்கிறதற்கு நேரம் கேட்கிற ப்ளம்பரை அவசரப்படுத்தாதீர்கள். ஒரு நேரம் சமையல் தள்ளிப்போனால் போகட்டும்.

வெட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு டம்ளரை அந்தச் சொட்டுக்குக் கீழே வைத்திருந்தார். கால் லிட்டர் டம்ளர் ஆறு நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு இரண்டரை லிட்டர், ஒரு நாளைக்கு 60 லிட்டர். நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் நம் நாட்டில் தண்ணீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கிற அளவு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு, யாருக்கும் கேட்காமல், யாருக்கும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பதினாறு மாதமும் இதே வேகத்தில் சொட்டியிருக்காது. பாதிதான் என்று வைத்தாலும் 14,000 லிட்டருக்கு மேல். எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. 2017இல் சிறுவாணி அணையின் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனபோது இதே வீட்டில் ஒரு குடத் தண்ணீரை மூன்று விதமாகப் பயன்படுத்தியவள் நான். அரிசி கழுவிய தண்ணீரைப் பாத்திரத்துக்கும், பாத்திரம் அலசியதைச் செடிக்கும் ஊற்றிய கை இது.

ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிற நாம் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பேட்டையின் பெயரில் இருக்கிற இரத்தினசபாபதி முதலியார்தான் நகராட்சித் தலைவராக இருந்து சிறுவாணித் தண்ணீரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தவர். நாம் தினமும் நடக்கிற டி.பி. ரோடு, அதாவது திவான் பகதூர் ரோடு, அவருடைய பட்டப் பெயர். அவருக்கும் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, மேற்கு மலையிலிருந்து இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர முடியும் என்று எழுதியும் பேசியும் அலைந்தவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. அந்த யோசனை குழாயாக மாறிப் பள்ளத்துக்கு இறங்கி ஊர் வந்து சேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. 1973இல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இப்போதைய அணை கட்டப்பட்டது. அது நிற்பது கேரளத்து மண்ணில். மழை அங்கே பெய்ய வேண்டும், மட்டம் ஏற வேண்டும், மலையைக் குடைந்த வழியாக இந்தப் பக்கம் வர வேண்டும், அடிவாரத்தில் சுத்தமாக வேண்டும், அதன் பிறகு ஊர் வர வேண்டும். அத்தனையும் தாண்டி நம் கட்டடத்துக்குள் வந்துவிட்ட தண்ணீர், அடுப்படிக்குப் போக இன்னும் முப்பதடி இருக்கும்போது இரும்புக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து போகிறது.

நல்ல தண்ணி எது, சப்பைத் தண்ணி எது என்று ஒழுகலை வைத்தே சொல்லலாம் என்பதும் அன்றைக்குக் கற்றுக்கொண்டது. போர்வெல் லைன் கசிந்தால் ஜாயின்ட்டைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். அந்த உப்பே சில நேரம் சிறு துளையை அடைத்துவிடும், ஒழுகல் நின்றுவிட்டது என்று நாம் ஏமாந்துபோவோம். சிறுவாணித் தண்ணீரில் அந்த வெள்ளை அவ்வளவாகப் படியாது. பச்சைப் பாசிதான் பிடிக்கும். எங்கள் சுவரில் இருந்தது பாசி.

இனி வரப்போகிற மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்காக மாநகராட்சி 2018இல் சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் செய்தது உங்களுக்குத் தெரியும். தெருவில் புதுக்குழாய், வீட்டு வாசலில் புது மீட்டர் என்று பழைய 60 வார்டுகளுக்குமான ஏற்பாடு அது. எப்போதும் தண்ணீர் வருவது நல்லது. ஆனால் மீட்டருக்கு இந்தப் பக்கம், நம் காம்பவுண்டுக்குள், இருப்பது முப்பது வருடத்துக்கு முந்தைய நம்முடைய குழாய்தான். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் அழுத்தம் தாங்கிப் பழகிய ஜாயின்ட் இரவும் பகலும் தாங்க வேண்டி வரும். இதுவரை எப்போதாவது சொட்டியது இனி எப்போதும் சொட்டும், அதை மீட்டரும் எண்ணும்.

விட்டுவிட்டு வருகிற தண்ணீரில் ஆபத்து வேறு மாதிரி. குழாயில் அழுத்தம் இருக்கும்போது ஓட்டை தண்ணீரை வெளியே தள்ளுகிறது. தண்ணீர் நின்று குழாய் காலியாகும்போது அதே ஓட்டை வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது. காம்பவுண்டு ஓரத்தில் மீட்டர் வைத்திருக்கிற குழியைத் திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் அது தெருத்தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். அதற்குள் ஒரு யூனியன் லூசாக இருந்தால், சாக்கடை கலந்த அந்தத் தண்ணீர் நம் சம்ப்புக்கு வர வேறு வழியே தேவையில்லை. குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிற கட்டடங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தக் குழி. தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கதவுக்குள் தரையில் ஓரங்குலத் தண்ணீர் நின்றிருந்தது. அதில் புழு நெளிந்ததை நானே பார்த்தேன்.

டோக்கியோவில் தண்ணீர்த் துறைக்காரர்கள் இராத்திரியில், வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு, ஒரு நீளக் கம்பியின் ஒரு முனையை மீட்டர் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கசிவைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பெரிய நகரத்தில் குழாயில் போகிற தண்ணீரில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் கசிந்து வீணாகிறது. அங்கேயும் அவர்கள் சரிசெய்கிற கசிவுகளில் பெரும்பாலானவை தெருவிலிருந்து வீட்டுக்குப் பிரிகிற சின்னக் குழாயில்தான் இருந்திருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் லேத் பட்டறைகள்தான் நினைவுக்கு வந்தன. மோட்டார் பேரிங் போய்விட்டதா என்று பார்க்க நம் ஆட்கள் ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். நாட்டுக்கே பம்ப்செட் செய்து அனுப்புகிற ஊர் இது. அந்தக் காது நம்மிடம் இருக்கிறது. வேலை முடிந்து இரண்டு நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்கு, நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துப்போய்ப் பதினான்கு வால்விலும் வைத்துக் கேட்டேன். பன்னிரண்டு அமைதி. ஒன்பதாவதில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல மெல்லிய சத்தம். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் வாட்டர் ப்யூரிஃபையர் கழிவுக்குழாய் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்காவது போர்வெல் லைன், மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் கேட்க முடியவில்லை, மறுநாள் கேட்டேன், சரியாகத்தான் இருந்தது.

உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். குழாயை மறைக்காதீர்கள். அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது அந்தக் கதவின் இடுக்கை அடைத்து அடிக்க விடாதீர்கள். அழகாக இல்லை என்று அதன் முன்னால் செருப்பு ஸ்டாண்டையோ பழைய சைக்கிளையோ வைக்காதீர்கள். சில கட்டடங்களில் கதவையே எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டி மூடியிருப்பதைப் பார்த்தேன், மனது பதைத்தது. அங்கே ஒரு ஜாயின்ட் போனால் எந்த டைல்ஸை உடைப்பார்கள்? பாத்ரூம் புதுப்பிக்கிறவர்களும் சுவருக்குள் ஜாயின்ட் வருகிற இடத்தில் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சின்ன மூடி விடச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், விடாமல் கேளுங்கள்.

எங்கள் வால்வுகளுக்கு இப்போது எண் இருக்கிறது. டவுன்ஹால் பக்கம் நேம் போர்டு செய்கிற கடையில் அலுமினியத் தகட்டில் வீட்டு எண் பொறித்து வாங்கிச் செம்புக் கம்பியால் கட்டினோம். பேனாவால் எழுதி ஒட்டினால் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. அசையாத கேட் வால்வுகளை எடுத்துவிட்டுப் பித்தளை பால் வால்வு போட்டாயிற்று. கால் சுற்றில் மூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் ஒருதரம் மூடித் திறக்கிறோம், இல்லையென்றால் அவையும் பிடித்துக்கொள்ளும். ஒழுகலைச் சரிசெய்யச் சாமானும் கூலியும் சேர்த்து 1,900 ரூபாய். ஊறிப்போன சுவருக்கும் கரன்ட் போர்டுக்கும் 18,000 ஆனது. முதல் மாதமே திறந்திருந்தால் அந்த இரண்டாவது கணக்கு வந்திருக்காது.

பணம் யார் போடுவது என்பதில்தான் பல சங்கங்களில் வேலை நிற்கிறது. எங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கதவுக்குப் பின்னால் இருக்கிற எல்லாமே, எந்த வீட்டு லைனாக இருந்தாலும், சங்கத்தின் செலவு. வீட்டுச் சுவருக்குள் நுழைந்த பிறகு வீட்டுக்காரர் செலவு. வாடகைக்கு இருப்பவர்கள் பார்த்துச் சொன்னால் போதும், ஓனரைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலை அவர்களுக்கு இல்லை. இது சரியென்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரே பெட்டிக்குள் பன்னிரண்டு சொந்தக்காரர்கள் இருந்ததால்தான் பதினாறு மாதம் ஒருவரும் அதைத் தொடவில்லை.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். படுக்கப் போகும் முன் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் குழாய் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லாத கட்டடத்தில், நடுநிசியில் விழித்துப் பிரஷர் பம்ப் தானாக ஓடுகிறதா என்று கேளுங்கள். எல்லோரும் தூங்கும்போது அது இருபது நிமிடத்துக்கு ஒருதரம் ஓடி நிற்கிறது என்றால் எங்கோ ஓர் ஓட்டை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் கதவின் சாவி இப்போது வாட்ச்மேன் அண்ணன் நாற்காலிக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் வாருங்கள், திறந்து காட்டுகிறேன். உங்கள் கட்டடத்துக் கதவைத் திறக்கும் அன்று என்னைக் கூப்பிட்டால், டிஷ்யூ பேப்பரும் டார்ச்சும் அந்தக் கால் லிட்டர் டம்ளரும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரி